மதாம் வீட்டுக் கல்லறை மண்

அனுமதிப் படிவத்தின் அடியில் இருந்த குடும்பப் பெயரை இரண்டு தடவை படித்தேன். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதிய தமிழ்ப் பெயர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் பக்கத்தில் எழுதியிருந்த முகவரியில் ஒரே வீடுதான். அந்த வீட்டின் பின்கட்டு எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் ஒரு முழு நாள் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

நான் பார்க்கும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்து நூறு, இருநூறு வருஷமான, சில சமயம் ஆயிரம் வருஷமும் தாண்டிய மனிதர்களின் வயிற்றில் என்ன புழு இருந்தது என்று தேடுவதுதான் என் வேலை. வயிறு மக்கிப்போயிருக்கும். குடலும் புழுவும் இருக்காது. ஆனால் புழு போட்ட முட்டைகள் இருக்கும், அவற்றின் ஓடு அவ்வளவு கெட்டி. இடுப்பெலும்புக்குள் குடல் இருந்த இடத்தில் படிந்த மண்ணில் அவை அப்படியே கிடக்கும். அந்த மண்ணை உப்புக் கரைசலில் மூன்று நாள் ஊறவைத்து, மெல்லிய சல்லடைகளில் வடிகட்டி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உருளைப்புழுவின் முட்டை பலாப்பழத் தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். சாட்டைப்புழுவின் முட்டை இரண்டு பக்கமும் மூடி போட்ட சின்ன மத்தளம் போல இருக்கும்.

காலாப்பட்டுக்குப் போகிற சாலையில், பிள்ளைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வீட்டின் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. மொத்தம் ஐந்து பேர். தலைவரை எல்லோரும் சார் என்போம். வழக்கமாக எங்களிடம் வருவது பழைய தாழிகளிலும் குழிகளிலும் கிடைத்த எலும்போடு ஒட்டிய மண். அவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. பெயரோடு ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வருஷத்துப் புயல் மழையில், பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பக் கல்லறையின் கூரை இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. திருப்பிக் கட்டுவதற்காக உள்ளே இருந்த பெட்டிகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்து மகள் யார் மூலமாகவோ சாரைப் பிடித்து, எப்படியும் எடுக்கத்தான் போகிறோம், ஆராய்ச்சிக்கு உதவுமென்றால் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். முடிவை வெளியிட்டுக்கொள்ளலாம் என்ற கட்டத்திலும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சாரிடம் நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. சொல்லவில்லை.

"மண் எடுக்க நானே போறேன் சார்," என்றேன்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. அதுவரை அம்மா வெளியே வேலைக்குப் போனதில்லை. பொங்கல் முடிந்த மறுவாரம், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அந்த வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். வீட்டுக்கார அம்மாவை மதாம் என்று கூப்பிட வேண்டும். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. கணவர் பாரிசில் இருந்தார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். நானும் அந்தக் குழந்தையும் பின்பக்கத் தோட்டத்தில் சப்போட்டா மரத்தடியில் விளையாடுவோம்.

அம்மா சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை. பாரிசிலிருந்து மதாமின் நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்து தங்கியிருந்தார்கள். காலையில் குழந்தை குளியலறையில் கத்தியது. எல்லோரும் ஓடினார்கள். பென்சில் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் புழு. நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். பிரெஞ்சில் என்னவோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை, சிரிப்பு மட்டும் புரிந்தது. மதாம் முகம் வெளுத்துப்போய் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"கையக் காட்டு."

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"நகத்தப் பாரு. சால்! அழுக்கு! இந்தக் கையாலதான் சமைச்சிப் போடறியா? உன் வயித்துல இருக்கறத எம் பொண்ணு வயித்துல ஏத்திட்டியே!"

"இல்ல மதாம், நான் சோப்பு போட்டுக் கழுவிட்டுதான்..."

"பாத்துடலாம்."

எங்கள் இரண்டு பேரையும் பின்கட்டில் உட்கார வைத்து, ரோஸ் நிறத்தில் இருந்த பூச்சி மருந்தைக் குடிக்கச் சொன்னாள். மேலே ஆளுக்கொரு கரண்டி விளக்கெண்ணெய். வாசல் பெருக்கும் வேலைக்காரியைக் கழிப்பறை வாசலில் நிறுத்தினாள். நாத்தனார் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து புழு ஒன்றும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் என்னிடமிருந்து வந்தது. வாசல் பெருக்குகிறவள் சொல்லவேண்டாம் என்றுதான் பார்த்தாள். மதாம் கேட்டபோது சொல்லிவிட்டாள்.

"பாத்தீங்களா?" என்று மதாம் கூடத்தைப் பார்த்துத் தமிழிலேயே சத்தமாகச் சொன்னாள். பிறகு அதையே பிரெஞ்சிலும் சொன்னாள்.

அம்மா புழங்கிய பாத்திரங்களைத் தெருவில் வைத்தார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் தூக்க மாட்டார்கள். விளக்கெண்ணெய் பேதியில் எனக்கு நடக்க முடியவில்லை. அம்மா மேல் விழுந்த பழிக்கு என் வயிறே சாட்சி சொல்லிவிட்டது. வழியெல்லாம் என் தலைக்குள் ஓடியது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அம்மா பிறத்தியாருக்குச் சமைக்கவே இல்லை. அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு எங்கள் தெருவே மணக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்ததில்லை. வளைகாப்பு, காதுகுத்து என்று யார் கூப்பிட்டாலும் காய்கூட நறுக்க மாட்டாள். என் கல்யாணத்தில் பந்தியில் யாரோ, "கொஞ்சம் சாம்பார் ஊத்துங்கக்கா," என்று வாளியைக் கையில் கொடுத்தபோது, அதைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கையைக் கழுவிக் கழுவி விரல் சந்தெல்லாம் வெடித்திருக்கும்.

கல்லூரியில் நான் விலங்கியல் எடுத்தேன். இரண்டாம் வருஷம் ஒட்டுண்ணிகள் பாடம். உருளைப்புழுவின் வாழ்க்கையைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து விளக்கினார்கள். வெளியே வந்த முட்டை உடனே யாருக்கும் தொற்றாது. ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முற்ற வேண்டும். அப்படி முற்றிய முட்டை வாய் வழியாகப் போனால், உள்ளே பொரித்து, நுரையீரல் வரை சுற்றி, திரும்பக் குடலுக்கு வந்து முழுப் புழுவாக வளர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

நான் பெஞ்சுக்கு அடியில் விரல் விட்டு எண்ணினேன். பொங்கலுக்கு அடுத்த வாரத்திலிருந்து அந்தச் சனிக்கிழமை வரை ஐந்து வாரம். திரும்ப எண்ணினேன். ஐந்துதான். அம்மா அந்த வீட்டுப் படியேறுவதற்கு முன்பே அந்தப் புழு குழந்தையின் வயிற்றில் இருந்திருக்கிறது.

பக்கத்தில் இருந்த பெண், "ஏய், இன்னா ஆச்சு? ஏன் அழுவற?" என்றாள். நான் அழவில்லை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. அன்றிலிருந்து அந்த மதாமின் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்தத் தெரு வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை கதவு வரை போய், மணியில் கை வைத்து, திரும்பி வந்துவிட்டேன். என்னவென்று சொல்வது? சமையல்காரி மகள் கணக்குக் கேட்க வந்திருக்கிறாள் என்று நாயை அவிழ்த்து விட்டால்? அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோதும், "உனக்கு இருந்துச்சே," என்று அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அவர்களே கதவைத் திறந்து கொடுத்திருந்தார்கள்.

கல்லறைக்குள் இறங்க ஏணி போட்டிருந்தார்கள். உள்ளே ஐந்து பெட்டிகள். மேலே இருந்தவை பிற்காலத்தவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததுதான் பழையது. மரம் மக்கித் தூளாகியிருந்தது. எலும்பு மட்டும் மல்லாந்து படுத்த வாக்கில் அப்படியே கிடந்தது. மார்பு இருந்த இடத்தில் கோட்டின் பித்தளைப் பொத்தான்கள் ஒரு வரிசையாக இருந்தன. கை எலும்புக்கு அடியில் ஜெபமாலை மணிகள். மதாமின் அப்பாவுக்குத் தாத்தா. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெரிய பதவியில் இருந்தவர் என்று மேலே கல்லில் வெட்டியிருந்தது.

முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். சின்னக் கரண்டியால் இடுப்பெலும்பின் உட்குழிவிலிருந்து மண்ணைச் சுரண்டி டப்பாவில் போட்டேன். பிறகு, முறைப்படி, மண்டையோட்டுக்குப் பக்கத்திலிருந்தும் பாதத்துக்குப் பக்கத்திலிருந்தும் மண் எடுத்தேன். இது முக்கியம். இடுப்பு மண்ணில் மட்டும் முட்டை இருந்தால்தான் அது அவர் வயிற்றில் இருந்தது என்று சொல்லலாம். தலைப்பக்கமும் அதே அளவு இருந்தால், வெளியிலிருந்து தண்ணீரில் அடித்து வந்தது என்று அர்த்தம்.

எலும்புகளைப் பார்த்தால் எனக்கு எப்போதும் மனதுக்குள் ஒரு கும்பிடு வரும். அன்று வரவில்லை. "உன் வீட்டு நகத்தையும் பாக்கறேன்," என்று வாய்க்குள் சொன்னேன். மேலே நின்றிருந்த கொத்தனார், "இன்னாம்மா, கூப்டீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

நாலாம் நாள் காலை முதல் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பொன்னிறமாக, முண்டு முண்டாக, எங்கே நகர்த்தினாலும் முட்டை. நடுநடுவே மத்தளங்கள். உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. நான் இத்தனை வருஷத்தில் பார்த்தவர்களில் இப்படி நிறைந்த வயிறு மிகவும் குறைவு. நாற்காலியில் சாய்ந்து, தனியாக, வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்று மதியம் தலைப்பக்க மண்ணைப் பார்த்தேன். அதில் இரண்டு முட்டைகள் இருந்தன.

இரண்டுதான். கூரை இடிந்தபோது உள்ளே புகுந்த மழைத்தண்ணீர் இடுப்புப் பக்கத்திலிருந்து கொண்டுபோயிருக்கலாம். ஆனால் யாராவது கேள்வி கேட்டால் இந்த இரண்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் அந்தத் தகட்டை ஒரு காகிதத்தில் சுற்றி என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். பதிவு நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாலு நாள் அது பூட்டிக் கிடந்தது. சோறு இறங்கவில்லை. மனசாட்சி உறுத்தியதால் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். எனக்கு இருந்தது வேறு பயம். நான் மறைத்தது தெரிந்தால் அந்தப் பொம்பளை தப்பித்துவிடுவாள். மொத்த அறிக்கையையும் குப்பை என்று தள்ளிவிடுவாள். அவளுக்கு ஒரு சந்துகூட இருக்கக் கூடாது. ஐந்தாம் நாள் தகட்டை வெளியே எடுத்தேன். தலைப்பக்கத்திலும் காலடியிலும் இன்னும் பல தகடுகள் போட்டுப் பார்த்தேன். தலைப்பக்கம் அங்கொன்று இங்கொன்று, காலடியில் ஒன்றுமில்லை, இடுப்பில் மட்டும் கொட்டிக் கிடந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அந்த இரண்டு முட்டையையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்மையாக, அவ்வளவு கவனமாக நான் வேறெந்த அறிக்கையும் எழுதியதில்லை. எழுத வைத்தது பழிவெறிதான்.

அறிக்கையைக் குடும்பத்தாரிடம் நேரில் கொடுத்து விளக்க வேண்டும் என்று சார் நினைத்தார். நானும் போனேன். உயரமான கூடம், ஆளுயரக் கண்ணாடி, சுவரில் அந்தப் பித்தளைப் பொத்தான்காரரின் எண்ணெய்ச் சித்திரம். மதாமுக்கு எழுபது நெருங்கியிருந்தது. முடியைக் கழுத்தளவில் வெட்டியிருந்தாள். நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். என்னோடு விளையாடிய குழந்தைக்கு இப்போது கண்ணாடி, காதோரம் நரை. இரண்டு பேருக்கும் என்னைத் தெரியவில்லை.

"உக்காருங்க முசியே. நீயும் உக்காரும்மா," என்றாள் மதாம்.

சார் பக்குவமாக ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல இது எல்லாருக்கும் இருந்ததுங்க. ராஜா வயித்துலயும் இருந்திருக்கு. இதுல கொறைவா நெனைக்க ஒண்ணும் இல்ல." பிறகு முட்டைகளின் படங்களைக் காட்டினார்.

மதாம் படத்தைத் தொடவில்லை. "எங்க அப்பாவோட தாத்தாவுக்கா? இருக்காது முசியே. அவரு தண்ணியக்கூட காய்ச்சித்தான் குடிப்பாராம். அப்படி இருந்திருந்தா வேலைக்காரங்க கையிலேர்ந்துதான் வந்திருக்கும். எங்க வீட்டுலயே ஒருதரம் நடந்துது. ஒரு சமையக்காரி இருந்தா. அவளால எம் பொண்ணுக்குப் புழு வந்துடுச்சி. நான் மருந்து குடுத்துக் கண்டுபுடிச்சிட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? எவ்வளவு சரளமாக வருகிறது! என் குரல் ஆச்சரியமாக நிதானமாக வந்தது.

"அந்தச் சமையக்காரி உங்க வீட்டுல எத்தினி நாள் வேல பாத்தாங்க மதாம்?"

"யாருக்கு ஞாபகம்? ஒரு மாசம் இருக்கும்."

"அஞ்சு வாரம். பொங்கலுக்கு அப்புறம் சேந்தாங்க."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"பென்சில் நீளத்துக்கு ஒரு புழு வளர ரெண்டு மூணு மாசம் ஆவும் மதாம். அவங்க உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே அது உங்க பொண்ணு வயித்துல இருந்துருக்கு. இன்னொண்ணு. ஒருத்தர் வயித்துலேர்ந்து வர்ற முட்டை நேரா அடுத்தவங்களுக்குப் போவாது. ரெண்டு மூணு வாரம் மண்ணுல கெடக்கணும். மண்ணுலேர்ந்துதான் வரும். அப்ப உங்க பொண்ணுக்கு எங்கேர்ந்து வந்துது?"

மகள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"மம்மா, நான் மண்ணு தின்னுவேன். அந்தச் சப்போட்டா மரத்தடியில. நீகூட என்ன அடிச்சிருக்க. வாயைத் தொறந்து விரல வுட்டு எடுப்ப."

"போதும்," என்றாள் மதாம்.

"அப்ப உனக்குத் தெரியும்," என்றாள் மகள்.

"போதும்னேன்ல!" மதாம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்க அத்த என் மூஞ்சியப் பாத்து சிரிச்சா. என்ன சொல்லச் சொல்ற? எம் பொண்ணு மண்ணு திங்குதுன்னு அவகிட்ட சொல்லணுமா? அவ ஊரெல்லாம் போயி பேசுவா. சமையக்காரி போனா இன்னொரு சமையக்காரி வருவா."

அவள் தெரியாமல் செய்தாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அறியாமைக்கு நிரூபணம் காட்டப் போன எனக்கு, அந்தக் கடைசி வாக்கியம் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று என் அம்மா நகத்தை அவள் பார்த்தபோதே உண்மை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க விளக்கெண்ண குடிக்க வெச்சீங்களே, ஒரு பொண்ணு," என்றேன். "அது நான்தான்."

அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை நான் விடாமல் பார்த்தேன். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் சித்திரத்தைப் பார்த்தாள், மேசையில் இருந்த முட்டைப் படத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அந்த நேரத்தை நான் ரசித்தேன். இன்றும் நினைத்தால் இனிக்கிறது. வயசானவளிடம் இவ்வளவு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும்.

"எங்கம்மா உழவர்கரையிலதான் இருக்காங்க. இப்ப சொன்னீங்களே, அத வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

"நான் வரணுமா?"

"நீங்கதான் வரணும்."

"அலோர், சரி," என்று சாரைப் பார்த்தாள் மதாம், "ரிப்போர்ட்ட வெச்சிட்டுக் கெளம்புங்க முசியே."

ஆய்வுக்கூட வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் சார் சொன்னார், "நீ மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கணும்மா. தெரிஞ்சிருந்தா இந்த வேலைய உனக்குக் குடுத்திருக்கவே மாட்டேன்." தலைகுனிந்து நின்றேன். அவர் கோபம் நியாயமானது. எல்லாத் தகடுகளையும் எடுத்து, அந்தக் குடும்பத்தைத் தெரியாத, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி மறுபடி எண்ணச் சொன்னார். முடிவு அச்சுப்பிசகாமல் நான் எழுதியதாகவே திரும்பி வந்தது. சார் அந்தக் காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "இது சரியாதான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மதாம் வீட்டுக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டினாள். திரும்பப் பிடித்துத் திரும்பக் கொட்டினாள். "உனக்குப் புழு இருந்ததால நாந்தான்னு இத்தினி வருசம் நெனச்சிட்டு இருந்தேன். நம்ம வீட்டு அழுக்குதான்னு. யாருக்கும் ஒரு வாய் குடுக்காம இருந்தேனே!" என்றாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பாத்திரத்தைச் சுவரில் எறிந்தாள். அரிசி சமையலறை முழுக்கச் சிதறியது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கார் வந்து நின்றது. இறங்கியது மகள் மட்டும். கையில் ஒரு பழக்கூடை. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அம்மா, என்ன ஞாபகம் இருக்கா? எனக்கு நீங்க தோசையில பூன வரஞ்சி ஊத்துவீங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா இருக்கியா கண்ணு? புள்ளைங்க எத்தினி?"

"ஒரு பொண்ணு."

"உங்கம்மாதான் உன்ன அனுப்புனாங்களா?"

"இல்ல. நானாதான் வந்தேன்."

"அப்ப நீ போய்ட்டு வாம்மா. உம்மேல எனக்கு ஒண்ணுமில்ல, நீ கொழந்த. பண்ணவங்க வாயால வரட்டும். அவங்க வந்தா உள்ள கூப்ட்டு உக்கார வெக்கறேன்."

பழக்கூடையைத் திருப்பிக் காரில் வைத்தது நான்தான். அம்மாவை ஆசுவாசப்படுத்த நினைத்து, "பாவம்மா அவ," என்றேன். "பாவந்தான்," என்றாள் அம்மா. "அதுக்கு?" என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குத் தெரிந்தது.

மதாம் வரவில்லை. பதிலாகச் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. மிச்ச மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், முடிவை எங்கேயும் வெளியிட வேண்டாம், குடும்ப கௌரவம் இருக்கிறது என்று. மண்ணைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் உரிமை. கல்லறையைத் திரும்ப மூடிய அன்று டப்பாக்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதிரியார் பெட்டிகளை மந்திரித்து ஆசீர்வதிக்க, உள்ளே இறக்கினார்கள். மதாம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. வெளியிடும் விஷயத்தில் மகள் போட்ட கையெழுத்து இருந்தது. சார் அவளை அழைத்து, "விருப்பமில்லன்னா இப்பகூட சொல்லுங்க, நிறுத்திடறோம்," என்று கேட்டார். அவள், "நிறுத்த வேணாம். போடுங்க," என்றாள்.

உண்மையில் எங்கள் கட்டுரைகளில் யார் பெயரும் வராது. கல்லறை எண்கூட மாற்றப்பட்டிருக்கும். படிப்பவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவார்கள். மதாம் பயந்த மாதிரி ஊர் சிரிக்க அதில் ஒன்றுமில்லை. இதை ஒரு போன் பேசி அவளுக்கு விளக்கியிருக்கலாம். நான் விளக்கவில்லை. அவள் பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுரை வெளியானதும் அதை அச்சடித்து, கூடவே தமிழில் ஒரு பக்கம் நானே எழுதினேன். உருளைப்புழு எப்படி வருகிறது, எத்தனை நாளில் வளர்கிறது, யார் கையிலிருந்து வராது என்பதெல்லாம் எளிமையாக. கடைசி வரியில் ஐந்து வாரம் என்று எழுதி அடிக்கோடிட்டேன். உறையில் போட்டு, மதாமின் பெயருக்கே, அவள் கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்க வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. நீல மையில், கொஞ்சம் நடுங்கிய எழுத்தில், அவளுடைய முழுப் பெயர். வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். மகளை வாங்கச் சொல்லியிருக்கலாம். அவளே வாங்கியிருக்கிறாள்.

அட்டையை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் படிக்க வராது. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது அவ கையெழுத்தா?"

"ஆமாம்மா."

"வாங்கிக்கினாளா?"

"வாங்கிக்கினா."

"சரி," என்றாள். "பத்திரமா வெய்யி." பிறகு மீன்காரி குரல் கேட்டு, மீன் வாங்கக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.